பேட் வைத்த கையுறை வாங்கப் போகிற புதுத் தச்சருக்கு

தச்சு வேலைக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கச்சிமார் முதலில் கேட்பது எந்தக் கையுறை நல்லது என்றுதான். அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது, எந்த வேலையில் கையுறையைக் கழற்றி வைக்க வேண்டும் என்பது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வேறு எதில் பிழை விட்டாலும் காசுதான் போகும், இதில் பிழை விட்டால் விரல் போகும்.

சுழலுகிற மெஷின் பக்கத்தில் வேண்டாம்

மேசை வாள், பேண்ட் சோ, கடைசல் மெஷின், ஸ்டாண்டில் நிற்கிற ட்ரில், மேசையில் பூட்டிய ரவுட்டர், பலகை சீவுகிற பிளேனர் மெஷின், இவற்றில் எதிலும் கையுறை போட்டுக்கொண்டு நிற்காதீர்கள். வெறும் விரல் பிளேட்டில் பட்டால் வெட்டும், அதுவே கொடுமை. கையுறை பட்டாலோ துணியும் தோலும் பல்லில் சிக்கி, விரலோடு நிற்காமல் முழுக் கையையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகும், சுவிட்சைத் தேடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். வெட்டுப்படாது என்று சொல்லி விற்கிற கையுறைகளை நம்பியும் போகாதீர்கள். அவை கத்தி, தகர விளிம்பு, கண்ணாடி மாதிரியானவற்றுக்காகச் செய்தவை. மோட்டாரில் ஓடுகிற பிளேட்டை அவற்றால் தடுக்க முடியாது, அந்த நூல் லேசில் அறாது என்பதாலேயே இழுவை இன்னும் மோசமாகும்.

மலைநாட்டில் இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது, அது குளிர். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, ஜனவரி, பெப்ரவரி காலைகளில் புல்லில் உறைபனி பிடிக்கும். கந்தப்பளை, இராகலை பக்கத்துப் பட்டறைகளும் அப்படித்தான். விறைத்த கையோடு வேலை தொடங்குகிறவர்கள் சூட்டுக்காகப் போட்ட கையுறையைக் கழற்றாமல் அப்படியே மெஷினுக்குப் போய்விடுகிறார்கள், இந்தப் பழக்கம் வரவே கூடாது. காலையில் முதல் வேலையாக மெஷினைப் போடாமல் பலகை அடுக்குவது, அளவு குறிப்பது, கையால் சீவுவது என்று தொடங்குங்கள், ஒரு கோப்பை தேத்தண்ணியைக் கையில் பிடித்துக் குடியுங்கள், விரல் இளகின பிறகு மெஷினுக்குப் போகலாம்.

கையில் பிடித்துத் துளைக்கிற ட்ரில்லுக்கும் எனக்குக் கையுறை பிடிக்காது, முக்கியமாக பிட் பக்கம் போகிற கையில். மரம் அறுக்கிற செயின் சோ மட்டும் வேறு கதை. அதில் இரண்டு கையும் பிடியிலேயே இருக்கும், அதற்கென்றே தனியாகச் செய்த கையுறை உண்டு, அதைப் போட்டுத்தான் வேலை செய்ய வேண்டும்.

அப்படியானால் உள்ளங்கையில் மெத்தை மாதிரிப் பேட் வைத்த கையுறை எதற்கு? லொறியிலிருந்து பலகை இறக்க, அடுக்க, பழைய கூரை பிரிக்க, அலவாங்கு போட, ஆணி பிடுங்க, நாள் முழுக்கச் சுத்தியல் பிடிக்க, கையால் சாண்ட்பேப்பர் தேய்க்க, கதவு நிலையைத் தூக்கி நிறுத்த. பட்டறை வேலையில் பாதிக்கு மேல் இதுதான், கையைத் தேய்ப்பதும் இதுதான்.

உங்கள் கை எங்கே நோகிறது என்று பாருங்கள்

கடைக்குப் போகுமுன் சில நாட்கள் வெறும் கையோடு வேலை செய்துவிட்டு, மாலையில் கை கழுவுகிறபோது உள்ளங்கையைத் திருப்பிப் பாருங்கள். சிவந்திருக்கிற இடம், கொப்புளம் எழும்பின இடம், காய்ப்பு ஏறத் தொடங்கின இடம், இவைதான் நீங்கள் வாங்க வேண்டிய கையுறையின் வரைபடம்.

சுத்தியலும் அலவாங்கும் பிடிக்கிறவருக்கு விரல்கள் உள்ளங்கையோடு சேருகிற அந்த வரிசையில் காய்க்கும். இரும்புச் சீவுளி தள்ளுகிறவருக்குப் பின்பிடியைப் பிடிக்கிற கையில், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே இருக்கிற பிளவில் தோல் உரியும், பெரும்பாலான பேட் கையுறைகளில் அந்த இடத்தில் ஒன்றுமே இருக்காது, இருந்தால் அது நல்ல அறிகுறி. உளியைக் கையால் தள்ளிச் செதுக்கினால் பிடியின் முனை உள்ளங்கை நடுவில் குத்தும், ஸ்குரூ டிரைவரும் அப்படியே. பலகை சுமக்கிறவருக்கு விரல்களின் உட்பக்கம், முதல் மூட்டுக்கு மேலே. ஒரே கையுறை இத்தனையையும் காப்பாற்றாது. உங்களுக்கு அதிகம் நோகிற ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு, பேட் அந்த இடத்தில் இருக்கிற கையுறையைத் தேடுங்கள்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கதவு நிலை இறுகாதபோது, அலுமாரிக் கால் பொருந்தாதபோது, உள்ளங்கையின் அடியால் 'டப்' என்று தட்டுகிற பழக்கம் நம் ஆட்களிடம் நிறைய. சுண்டுவிரல் பக்கத்தில் உள்ளங்கையின் அடிச் சதைக்குக் கீழே ஓர் இரத்தக் குழாய் எலும்பை ஒட்டி ஓடுகிறது. அடிக்கடி அங்கே அடி விழுந்தால் அந்தக் குழாய் பழுதாகி, மோதிர விரலும் சுண்டுவிரலும் குளிர்ந்து மரத்துப் போகலாம், வைத்தியர்களுக்கு நன்றாகத் தெரிந்த தொழில் நோய் இது. பேட் போட்டிருக்கிறோம் என்று தைரியமாகத் தட்டாதீர்கள், பக்கத்தில் கொட்டாப்புளி இருக்கிறதல்லவா, அதை எடுங்கள்.

தடிப்பு அதிகமானால் நல்லதா?

இல்லை. புதியவர்கள் ஏமாறுகிற இடம் இதுதான், தடிப்பாக இருந்தால் பாதுகாப்பு அதிகம் என்று நினைத்துவிடுவார்கள். உள்ளங்கையில் தடித்த பேட் இருந்தால் சுத்தியல் பிடியின் சுற்றளவு கூடின மாதிரி ஆகிவிடும், அதை விழாமல் பிடிக்க நீங்கள் இன்னும் இறுக்குவீர்கள், மத்தியானம் ஆகுமுன் முன்கை சோர்ந்துவிடும். பேட் மெல்லியதாக, பல துண்டுகளாகப் பிரித்து, உள்ளங்கை ரேகைகள் மடிகிற இடத்தில் இடைவெளி விட்டுத் தைத்திருக்க வேண்டும். ஒரே பெரிய துண்டாக இருந்தால் கையை மூடும்போது நடுவில் மடிந்து ஒரு கட்டியாக நிற்கும், அந்தக் கட்டியே கொப்புளம் போடும்.

உள்ளே வைக்கிற பொருளும் பலவகை. சாதாரணப் பஞ்சு மாதிரி மெத்தென்ற நுரை முதலில் சுகமாக இருக்கும், சீக்கிரம் அமுங்கிப்போய் எழும்பாது. ஈ.வி.ஏ. நுரை, நியோபிரீன் போன்றவை கொஞ்சம் இறுக்கமாகத் தெரிந்தாலும் நீண்ட நாள் தாங்கும். ஜெல் வைத்தவை அடியை நன்றாக வாங்கிக்கொள்ளும், ஆனால் கனம், தையல் விட்டால் ஜெல் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். கடையில் பெருவிரலால் பேட்டை அழுத்தி விடுங்கள். உடனே எழும்பினால் நல்லது, எலும்பில் எலும்பு படுவதுபோல ஒரேயடியாக அமுங்கினால் வேண்டாம்.

புறங்கையில் விரல் முட்டிகளுக்கு மேல் ரப்பர் கட்டிகள் ஒட்டின கையுறைகள் பார்க்க வீரமாக இருக்கும். எண்ணெய்க் கிணறு, சுரங்கம் மாதிரி வேலைக்கு வந்த வடிவம் அது. தச்சு வேலையில் அலுமாரிக்குள், பெட்டிக்குள், கூரைச் சட்டங்களுக்கு நடுவில் கை விடும்போது அது முட்டிக்கொள்ளும். மரத்தடி புரட்டுகிறவர், கல்லும் செங்கல்லும் தூக்குகிறவர் வாங்கட்டும், பட்டறைக்குள் நிற்கிறவருக்கு அவசியமில்லை.

மேல் பொருள்: தோலா, துணியா, ரப்பரா

இங்கே எங்கள் மழையையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஹட்டன், மஸ்கெலியா, நோர்வுட், கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, பதுளை, பசறை, பண்டாரவளைப் பக்கம் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. இந்த மாதங்களில் தோல் கையுறை நனைந்தால் காயாது, காய்ந்தாலும் விறகுமாதிரி விறைத்துவிடும், மூலையில் போட்டு வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

ஆனாலும் சிலாம்புக்கும் கரடுமுரடான பலகைக்கும் தோலை விட்டால் வேறில்லை. மாட்டுத்தோலில் மேல் பக்கத்துத் தோல் வழவழப்பாக, ஈரத்தைக் கொஞ்சம் தாங்குவதாக இருக்கும். உட்பக்கம் பிளந்தெடுத்த சொரசொரப்பான தோல் மலிவு, தடிப்பு, விரல் உணர்ச்சி குறைவு, வெல்டிங் ஆட்கள் போடுவது அதில்தான். ஆட்டுத்தோல் மெல்லியது, வளையும், ஆணி, ஸ்குரூ பொறுக்குகிற வேலைக்கு அதுதான் எனக்குப் பிடித்தது. செயற்கைத் தோல் உள்ளங்கையும், காற்றுப் போகிற துணிப் புறங்கையுமாக வருகிறவை மழைக்கால மலைநாட்டுக்கு ஏற்றவை, துவைக்கலாம், காய்ந்தால் மறுபடியும் இளகியே இருக்கும். பேட் வைத்தவற்றில் முதல் ஜோடி வாங்குகிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

உள்ளங்கையில் ரப்பர் முக்கியெடுத்த பின்னல் கையுறைகளைக் குறைவாக நினைக்காதீர்கள். இறப்பர் பால் கையுறை இலங்கையிலேயே செய்து உலகத்துக்கு ஏற்றுமதியாகிற பொருள். ஈரப் பலகை வழுக்காமல் பிடிக்க அது நல்லது, ஆனால் பேட் கிடையாது, சிலருக்கு இறப்பர் பாலே ஒவ்வாமல் கை தடிக்கும். அப்படியானவர்கள் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் பூசினதை எடுக்கலாம்.

மரத்திலும் கவனம் வேண்டும். தேயிலைக்கு நிழலுக்காக நட்டு, நம் பக்கத்தில் சவுக்கு என்று சொல்கிற சில்வர் ஓக் மரம், கதவு, பலகை, மரக்கறிப் பெட்டி என்று எல்லாவற்றுக்கும் வருகிறது. அந்த மரத்தில் தோலை அரிக்கிற பொருள் இருக்கிறது, சிலருக்கு அதன் பாலும் தூளும் பட்டால் கை சிவந்து தடிக்கும். மணிக்கட்டில் தளர்வாக இருக்கிற கையுறைக்குள் அந்தத் தூள் இறங்கினால் வியர்வையோடு ஊறி இன்னும் மோசமாகும். அதனால் மணிக்கட்டில் வெல்க்ரோ பட்டியோ, நெருக்கமான பின்னலோ இருப்பதையே பாருங்கள்.

அளவு எடுப்பது

ஓர் அளவு நாடாவை எடுத்து, கட்டைவிரலை விட்டுவிட்டு, மற்ற நாலு விரல்களின் முட்டிகளுக்குக் கீழே உள்ளங்கையைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். 7 அங்குலம், அதாவது 178 மில்லிமீற்றர் வந்தால் 7ஆம் அளவு, 203 வந்தால் 8, 229 வந்தால் 9, 254 வந்தால் 10. எந்தக் கையால் வேலை அதிகமோ அந்தக் கையை அளக்க வேண்டும், அது பெரும்பாலும் கொஞ்சம் பெரிதாக இருக்கும். இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் தோலில் சின்னதை எடுங்கள், அது போகப்போக இளகிக் கொடுக்கும், செயற்கைத் துணி அப்படி இளகாது.

டவுன் ஹார்ட்வெயார் கடைகளில் பெரும்பாலும் 9, 10 அளவுகள்தான் தொங்கும். சின்னக் கை உள்ள பெண்களும் பொடியன்களும் 'பரவாயில்லை' என்று அதையே வாங்கிப் போகிறார்கள், பரவாயில்லை என்று விட முடியாது. விரல் நுனியில் அரை அங்குலம் வெறும் துணி தொங்கினால் அது ஆணிக்கும் பலகைக்கும் நடுவில் சிக்கும், பேட்டும் இருக்க வேண்டிய இடத்தைவிட்டு நகர்ந்து நிற்கும். உங்கள் அளவு இல்லையென்றால் கடைக்காரரிடம் எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், நாலு பேர் கேட்டால் அவரும் கொண்டு வருவார்.

சுத்தியல் படத்துக்குக் கீழே இருக்கிற எண்கள்

நல்ல கையுறைகளின் புறங்கையில் ஒரு கேடயம், அதற்குள் சுத்தியல் படம், கீழே 3121எக்ஸ் என்பதுபோல எழுத்துகள் இருக்கும். இது இ.என். 388 என்ற ஐரோப்பியத் தரம், நான் சொல்வது அதன் 2016ஆம் ஆண்டுப் பதிப்பின்படி. முதல் எண் தேய்மானம், 4 வரை போகும். 3 என்றால் சோதனையில் 2,000 சுற்று தேய்த்தும் ஓட்டை விழவில்லை, 4 என்றால் 8,000. இரண்டாவது வெட்டு, 5 வரை. மூன்றாவது கிழிசல், நாலாவது குத்து. ஐந்தாவதாக வருகிற ஏ முதல் எஃப் வரையான எழுத்து, வெட்டுக்கே இன்னொரு கடினமான சோதனை, சி என்றால் 10 நியூட்டன், எஃப் என்றால் 30 நியூட்டன் அழுத்தம் வரை தாங்கியது என்று அர்த்தம். எக்ஸ் இருந்தால் அந்தச் சோதனை செய்யவில்லை.

பட்டறைத் தச்சருக்கு முதல் எண்தான் முக்கியம், 3க்குக் குறையாமல் பாருங்கள். லயத்துக் கூரை மாற்றப் போய்ப் பழைய தகரம் பிரிக்கிறவர்கள் ஐந்தாவது எழுத்தைப் பார்க்க வேண்டும், துருப்பிடித்த தகர விளிம்பு கத்திமாதிரி, சி அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது. நாலாவது எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள், அந்தச் சோதனையில் குத்துவது நாலரை மில்லிமீற்றர் தடிப்பான உருக்குக் கூர். மெல்லிய சிலாம்பும் சின்ன ஆணியும் அதைவிட லேசாக உள்ளே போகும்.

கடைசியில் பி என்று ஓர் எழுத்து இருந்தால் அடி தாங்கும் சோதனையில் தேறியது என்று அர்த்தம், ஆனால் அது புறங்கை முட்டிகளுக்கு. உள்ளங்கைப் பேட் எவ்வளவு நல்லது என்று இந்த எண்களில் எதுவுமே சொல்லாது. அதை நீங்கள்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

கடையில் நின்று செய்ய வேண்டியது

கையுறையைப் போட்டு, கையை இறுக்கி மூடி, அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருங்கள். பேட் எங்காவது மடிந்து குத்துகிறதா, கட்டைவிரல் அடியில் தையல் உறுத்துகிறதா என்று தெரியும். அப்புறம் கடையிலேயே தொங்குகிற ஒரு சுத்தியலை எடுத்து வீசாமல் சும்மா பிடித்துச் சுழற்றிப் பாருங்கள், பிடி உள்ளங்கையில் வழுக்கினால் வேண்டாம். பிறகு கவுண்டரில் ஓர் அங்குல ஆணி ஒன்றைப் போடச் சொல்லி, கையுறையோடு பொறுக்கி எடுங்கள். முதல் தடவையில் வராவிட்டால் பரவாயில்லை, நாலாவது தடவையும் வராவிட்டால் அந்தக் கையுறையை வேலையிடத்தில் ஆணிக்கு ஒருதரம் கழற்றிக்கொண்டே இருப்பீர்கள், கடைசியில் அது சாக்குப் பைக்குள் கிடக்கும். இப்படி ஆணி, ஸ்குரூ வேலை அதிகமானவர்களுக்காகவே கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் நுனிகள் மட்டும் திறந்த கையுறைகள் உண்டு, ரீப்பர் அடிக்கிறவர்கள் அதைத் தேடிப் பிடிக்கலாம்.

உட்பக்கத்தை வெளியே திருப்பித் தையலையும் பாருங்கள். விரல் நுனியில் தையல் முடிச்சு உள்ளே துருத்தினால் நகத்தடியில் நோகும். நூலை மெல்ல இழுத்துப் பார்த்தால் ஒற்றைத் தையலா இரட்டைத் தையலா என்றும் தெரிந்துவிடும்.

அதிர்வும் குளிரும்

சாண்டர், கிரைண்டர், செயின் சோ நாள் முழுக்கப் பிடிக்கிறவர்களுக்கு விரலில் இரத்த ஓட்டமும் நரம்பும் பாதிக்கும், விரல் வெள்ளையாகி மரத்துப்போகும். குளிரும் ஈரமும் சேர்ந்தால் இது இன்னும் தூண்டப்படும் என்பதால் மேட்டு நிலத் தோட்டங்களில் மரம் வெட்டுகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய விஷயம். ஐ.எஸ்.ஓ. 10819 என்ற சர்வதேசத் தரத்தின் எண் அச்சிட்ட கையுறைகள் அதிர்வுக்காகச் சோதித்தவை. ஆனால் அந்தத் தரமே நடுத்தர அதிர்வை 10 சதவீதம் குறைத்தால் போதும், வேகமான நுண் அதிர்வை 40 சதவீதம் குறைத்தால் போதும் என்கிறது. ஆகவே கையுறை போட்டுக்கொண்டு இரண்டு மடங்கு நேரம் பிடிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கையைச் சூடாகவும் ஈரமில்லாமலும் வைத்திருப்பதுதான் அதன் பெரிய உதவி. பிளேடும் சங்கிலியும் கூராக இருக்கட்டும், நடுநடுவே வேலையை மாற்றுங்கள், விரல் வெளுக்கத் தொடங்கினால் தள்ளிப்போடாமல் வைத்தியரைப் பாருங்கள்.

வார்னிஷ், தின்னர், சூப்பர் குளூ

இந்த மூன்றுக்கும் பேட் கையுறை ஆகாது. தின்னர் நுரைக்குள் ஊறி நின்று தோலோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். வார்னிஷ் வேலைக்கு மெல்லிய நைட்ரைல் கையுறையைத் தனியாக வையுங்கள், தின்னர் அதிகம் பட்டால் உடனே மாற்றிவிடுங்கள். சூப்பர் குளூவைப் பருத்தி அல்லது தோல் கையுறையில் சிந்தவிடாதீர்கள், நாரில் பட்டதும் சட்டென்று இறுகிச் சூடேறி, கையைச் சுட்டே விடும். லின்சீட் எண்ணெய் ஊறின கையுறையும் துணியும் சுருட்டி மூலையில் கிடந்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கலாம், விரித்துக் காயப்போடுங்கள்.

காய வைப்பதும் கழிப்பதும்

மாலையில் கையுறையைத் தட்டித் தூளைக் கொட்டி, விரல் கீழே தொங்காமல் மணிக்கட்டுப் பக்கம் கீழே வருகிற மாதிரி கொடியில் மாட்டுங்கள், உள்ளே இருக்கிற ஈரம் இறங்கிவிடும். அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் தோல் வெடிக்கும், பேட் ஒட்டின பசையும் விட்டுவிடும். மழை மாதங்களில் இரண்டு ஜோடி வைத்து மாறிமாறிப் போடுவது ஒரே விலை உயர்ந்த ஜோடியைவிட நல்லது, நேற்றைய ஈரக் கையுறைக்குள் கையை நுழைத்தால் தோல் ஊறி, சின்ன உராய்வுக்கே உரியும்.

உள்ளங்கையில் பேட் அமுங்கி எழும்பாமல் போனால், விரலிடுக்கில் தையல் விட்டால், தேய்ந்து உள்துணி தெரிந்தால் மாற்றுகிற நேரம் வந்துவிட்டது. பெரும்பாலும் ஒரு கைதான் முதலில் போகும், சுத்தியல் பிடிக்கிறவருக்கு வலது கை. மற்றதை எறியாதீர்கள், ஒரே வகையாக வாங்கிக்கொண்டே வந்தால் இடது கைகள் மிச்சமாகச் சேரும், பட்டறையில் இடக்கையர் ஒருவர் இருந்தால் அவருக்குத் தேய்வது அந்த இடது கைதான், கேட்டுப் பார்த்துக் கொடுங்கள்.